கடல் காப்பகம் பவளப்பாறைக்கு என்ன செய்கிறது, என்ன செய்யாது

சிங்கப்பூருக்குத் தெற்கே, கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதியில் இருக்கும் பெரிய சிஸ்டர்ஸ் தீவு 2021 நடுவில் மேம்பாட்டுப் பணிக்காக மூடப்பட்டு, 2024 அக்டோபரில் மீண்டும் திறந்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு மரினா சவுத் படகுத்துறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். படகில் எனக்கு முன்னால் நம் ஆட்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பூங்கான்னு அறிவிச்சாச்சு, வேலி போட்ட மாதிரிதான். இனிமே பவளத்துக்கு ஒண்ணும் ஆகாது, தம்பி" என்றார் மூத்தவர்.

"அட போங்கண்ணே, கடல் தண்ணியே சூடாகுது. மீன் பிடிக்காதேன்னு பலகை வெச்சா சூடு குறைஞ்சிடுமா?" என்றார் இளையவர்.

இந்த இரண்டு பேச்சையும் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது, பாதி தவறு இருக்கிறது. கடலுக்கு வேலி கிடையாது. சூடான நீரை எந்தச் சட்டமும் எல்லையில் நிறுத்தாது. அப்படியிருந்தும் காப்பகத்துக்குள் இருக்கும் பவளப்பாறை பல இடங்களில் வெளியே இருப்பதைவிட நன்றாக இருக்கிறது. எப்படி? பவளம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

பவளம் கல்லா, செடியா?

நம் வீடுகளில் பவளம் என்றதும் நினைவுக்கு வருவது செவ்வாய்க்கு உகந்தது என்று மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல். அது ஆழத்தில், வெளிச்சம் குறைந்த நீரில் வளரும் வேறொரு வகை. வெப்பமண்டலக் கடலோரத்தில் பாறை கட்டும் பவளங்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

அவையும் உயிர்கள்தான், விலங்கினம். ஜெல்லிமீனுக்கும் கடல் சாமந்திக்கும் சொந்தம். ஒரு தனிப் பவள உயிரிக்குப் பாலிப் என்று பெயர். பெரும்பாலான பாலிப்புகள் சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். சின்னப் பை, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி மெல்லிய விரல்கள், அவ்வளவுதான் அதன் உடம்பு. ஆனால் அது தன் காலடியில் சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டிக்கொண்டு அதில் உட்காரும். பிறகு தன்னையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று என்று பெருகும். பழைய கிண்ணத்தின் மேல் புதுக் கிண்ணம் ஏறும். உருண்டையாக வளரும் வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கின்றன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி ஏறி ஏறி வந்ததுதான் பவளப்பாறை.

நாம் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் சுண்ணாம்பு, குடியிருப்பவை பாலிப்புகள். ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் புளோக்கைக் கட்டியவர்களே அதில் குடியிருக்கிறார்கள். அவர்கள் செத்துவிட்டால் கட்டடம் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு அலையும் துளைபோடும் உயிர்களும் அதை அரித்துவிடும். பழுதுபார்க்க வேறு யாரும் வரமாட்டார்கள்.

இந்தக் கட்டடத்தை நம்பி இருப்பவை ஏராளம். உலகக் கடல் தரையில் பவளப்பாறைகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்வாசி, வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்திலாவது அவற்றைச் சார்ந்திருக்கின்றன. சிங்கப்பூர்க் கடலில் மட்டும் சுமார் 250 கடின பவள இனங்கள் பதிவாகியுள்ளன. பாறை கட்டும் இனங்கள் உலகம் முழுவதிலும் ஏறத்தாழ 800. அதாவது, உலகின் மிக நெரிசலான துறைமுகங்களில் ஒன்றின் வாசலில் அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வாழ்கிறது. இதை முதலில் அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

சமையல்காரர் உள்ளேயே இருக்கிறார்

பாலிப்பின் தோலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. இவற்றைக் கூட்டுவாழ் பாசி என்போம். வீட்டின் ஓர் அறையைச் சமையல்காரர் ஒருவருக்குக் கொடுத்து, வாடகைக்குப் பதில் அவர் சமைத்துப் போடுவதைச் சாப்பிடுவது போன்ற ஏற்பாடு இது. பாசி சூரிய ஒளியில் சர்க்கரை தயாரிக்கும். அதில் பெரும்பகுதியைப் பவளம் எடுத்துக்கொள்ளும். நல்ல வெளிச்சத்தில் பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடு வரை இப்படியே கிடைத்துவிடும். பவளத்தின் கழிவும் கரியமில வாயுவும் பாசிக்கு உரமாகும். நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் அந்தப் பாசியால் வருபவை.

இதிலிருந்து இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டுமே தேவைப்படும். பவளத்துக்கு வெளிச்சம் வேண்டும். சமையல்காரரோடு சண்டை வந்தால் பவளம் பட்டினி.

புளோக்கைச் சுத்தம் செய்பவர்கள்

வெப்பமண்டலக் கடலில் வெறும் பாறை கிடைத்தால் யார் முதலில் இடம் பிடிப்பார்கள்? கடற்பாசிதான். (பவளத்துக்குள் வாழும் நுண்பாசி வேறு, இது கண்ணுக்குத் தெரியும் புல், இலை போன்ற பாசி.) பவளம் ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் வளரும்போது கடற்பாசி சில வாரங்களில் பாறையை மூடிவிடும். நியாயமாகப் பார்த்தால் பவளம் தோற்க வேண்டிய போட்டி இது.

தோற்காமல் காப்பாற்றுபவை மேயும் உயிர்கள். கிளிமீன் தன் அலகு போன்ற பல்லால் பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும். ஓரா மீன் கூட்டமாக வந்து மேயும். கடல் முள்ளெலி இரவில் ஊர்ந்து ஊர்ந்து பாறையை வழித்துச் சுத்தமாக்கும். தோட்டத்தில் ஆடு மேய்ந்தால் புல் கட்டையாகவே இருக்குமே, அதுபோல. பாசி கட்டையாக இருந்தால்தான் புதிதாகப் பிறந்த பவளத்துக்கு ஒட்டிக்கொள்ள வெறும் இடம் கிடைக்கும்.

மேய்பவர்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜமேக்காவில் நடந்ததைத்தான் நான் எப்போதும் சொல்வேன். அந்தத் தீவைச் சுற்றி மேயும் மீன்களும் மற்ற மீன்களும் 1970களுக்கு முன்பே வெகுவாகப் பிடிக்கப்பட்டுவிட்டன. ஆனாலும் பாறைகள் அழகாகவே இருந்தன. காரணம், நீள முட்கள் கொண்ட கறுப்புக் கடல் முள்ளெலிகள் பெருகி, மீன்கள் செய்த வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தன. 1980-இல் ஆலன் சூறாவளி பவளங்களை உடைத்தது. சூறாவளி புதிதல்ல, மெல்ல மீளத் தொடங்கின. 1983-இல் ஏதோ ஒரு நோய் கரீபியன் முழுக்கப் பரவி முள்ளெலிகளைக் கொன்றது. ஜமேக்காவில் ஏறத்தாழ எல்லாமே போயின. இப்போது மேய ஆளில்லை. 1970களின் பிற்பகுதியில் பாறையில் பாதிக்குமேல் உயிருள்ள பவளம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழ். கடற்பாசியின் பங்கு 4 விழுக்காட்டிலிருந்து 92 விழுக்காடு ஆனது.

இதில் பவளத்தை யாரும் நேரடியாக வெட்டவில்லை. மீனைத்தான் பிடித்தார்கள். அதன் விலை பல ஆண்டுகள் கழித்து, ஒரு சூறாவளியும் ஒரு நோயும் அடுத்தடுத்து வந்தபோது தெரிந்தது. காப்பகம் எதற்கு என்ற கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இதுவரை பார்த்தது இதுதான்: பவளம் பாசியோடு கூட்டாக வாழும் விலங்கு. அது கட்டிய பாறையை மேயும் உயிர்கள் சுத்தமாக வைக்கின்றன. மேய்ச்சல் நின்றால், அடி விழுந்த பவளம் எழுந்திருக்க இடமில்லாமல் போகிறது.

கோயில்காடு மாதிரி

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அய்யனார் கோயிலைச் சுற்றிக் கோயில்காடு இருக்கும். அங்கே ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்க மாட்டார்கள். சாமி கும்பிடப் போகலாம், நிழலில் உட்காரலாம், எதையும் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. ஊரைச் சுற்றி எல்லாம் வெட்டப்பட்ட பிறகும் பழைய மரங்களும் பறவைகளும் அங்கே மட்டும் மிஞ்சியிருக்கும்.

கடல் காப்பகமும் அதேதான்: உயிர்கள் எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது என்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட கடல் பகுதி. நீந்துவதும் முக்குளித்துப் பார்ப்பதும் பல காப்பகங்களில் உண்டு.

கடல் பூங்கா என்பது இன்னும் அகன்ற சொல். இங்கேதான் பேச்சில் குழப்பம் அதிகம். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு முழுவதும் கடல் பூங்காதான். ஆனால் 2004-க்கு முன்பு அதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவான பகுதியில்தான் மீன்பிடி முற்றிலும் தடைசெய்யப்பட்டிருந்தது. அந்த ஆண்டு அதை ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்த்தினார்கள். எனவே "இத்தனை ஆயிரம் சதுர கிலோமீட்டர் கடல் பூங்கா" என்று செய்தியில் படித்தால், அதில் எவ்வளவு பகுதியில் எதையும் எடுக்கக்கூடாது என்று இருக்கிறது என்பதைத் தேடிப் பாருங்கள்.

நேரடிச் சேதத்தை நிறுத்துவதும் காப்பகத்தின் வேலைதான். பவளத்தின் மேல் நங்கூரம் விழுந்தால் ஐம்பது வருட வளர்ச்சி ஒரு நொடியில் உடையும். மன்னார் வளைகுடாவில், ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986-இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே சுண்ணாம்புக்காகப் பவளக் கல்லை வெட்டி எடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது, அறிவிப்பு வந்த பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது. வெட்டிய இடங்களில் தீவுகளைக் காத்த அரண் போனது. அந்த 21 தீவுகளில் இரண்டு இன்று கடலுக்குள் மூழ்கிவிட்டன.

கிழட்டு மீனின் அருமை

மீன்பிடியை நிறுத்தினால் மீன் கூடும், இதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் எண்ணிக்கையைவிட வயதுதான் முக்கியம் என்பது பலருக்குத் தெரியாது.

மீன் தலைக் கறிக்கு நாம் வாங்கும் சிவப்பு மீனான இகான் மேராவை எடுத்துக்கொள்வோம். அதன் உறவுக்கார இனம் ஒன்று மெக்சிகோ வளைகுடாவில் இருக்கிறது. அந்த இனத்தில் 61 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே பெண் மீன் போடும் முட்டைகள், 42 சென்டிமீட்டர் நீளமுள்ள 212 பெண் மீன்கள் போடும் முட்டைகளுக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நீளம் ஒன்றரை மடங்குதான். ஆனால் மீன் நீளும்போது பருமனும் சேர்ந்து கூடுகிறது, வயிற்றில் முட்டைக்கான இடம் பல மடங்காகிறது. அதோடு, சின்ன மீன் தின்பதில் பெரும்பகுதியைத் தான் வளர்வதற்கே செலவழிக்கும். வளர்ந்து முடித்த பெரிய மீன் அதை முட்டையாக்கும்.

களவா மீனில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான களவா இனங்கள் பெண்ணாகத் தொடங்கி, பெரிதான பிறகே ஆணாக மாறும். பெரியவற்றையே தேடித் தேடிப் பிடித்தால் ஆண் மீனே அரிதாகிவிடும்.

சந்தையில் பெரிய மீனுக்குத்தான் மதிப்பு, அதனால் வலையும் தூண்டிலும் பெரியதையே தேடுகின்றன. உழவர் வீட்டில் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்க மாட்டார்கள் என்பார்கள். பெரிய வயதான மீன்தான் கடலின் விதைநெல். அதை நாம் முதலில் உலையில் போடுகிறோம். காப்பகம் என்பது விதைநெல்லை வைக்கும் குதிர்.

இதற்குக் காலம் பிடிக்கும். மெக்சிகோவின் காபோ புல்மோவில் ஊர்மக்களே முன்னின்று 1995-இல் தேசியக் கடல் பூங்கா கொண்டுவந்தார்கள். 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்கே மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு கூடியது. சுறாக்கள் திரும்பின. ஐந்தாண்டில் வந்து பார்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று போயிருந்தால் இந்தக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

எல்லைக்கு வெளியேயும் பயன்

"அங்கே மட்டும் மீன் பெருகி என்ன பயன், மீனவர் பிழைப்பு போச்சே" என்ற கேள்வி நியாயமானது. காப்பகம் வந்த முதல் சில ஆண்டுகள் அங்கே மீன்பிடித்தவர்களுக்கு இழப்பு உண்மையிலேயே உண்டு. அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வரைந்த எல்லைகள் பல இடங்களில் நிலைக்கவில்லை.

ஆனால் மீனுக்கு எல்லை தெரியாது. உள்ளே நெரிசல் கூடும்போது வளர்ந்த மீன்கள் வெளியே வரும். குளம் நிரம்பினால் கலிங்கில் வழிவதுபோல என்பதால் இதை வழிதல் என்கிறேன். பிலிப்பீன்ஸின் ஆபோ தீவில் ஊர்க்காரர்கள் 1982-இல் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் எல்லையை ஒட்டித் தூண்டில் போட்டவர்களுக்கு நல்ல மீன் கிடைக்கத் தொடங்கியது. அதன்பின் ஊரே காவலுக்கு நின்றது.

இன்னொரு வழி கண்ணுக்குத் தெரியாதது. மீனும் பவளமும் முட்டையிலிருந்து வெளிவரும்போது நீரோட்டத்தில் மிதக்கும் சின்ன உயிராக இருக்கும். இதை இளவுயிரி என்போம். ஆஸ்திரேலியாவின் கெப்பல் தீவுகளில் குஞ்சு மீன்களின் மரபணுவைத் தாய் தந்தை மீன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், ஒரு வகையில் டிஎன்ஏ பரிசோதனை செய்து பெற்றோரைக் கண்டுபிடிப்பது மாதிரி. அப்பகுதிப் பாறைப் பரப்பில் 28 விழுக்காடுதான் காப்பகம். ஆனால் சுற்றுவட்டாரம் 30 கிலோமீட்டரில் புதிதாக வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறத்தாழ பாதி அந்தக் காப்பகங்களில் இருந்த பெற்றோருக்குப் பிறந்தவை.

சுருங்கச் சொன்னால், காப்பகம் மீனைப் பெரிதாக வளரவிடுகிறது. பெரிய மீன் ஏராளமாக முட்டையிடுகிறது. குஞ்சுகள் உள்ளேயும் வெளியேயும் பாறைகளை நிரப்புகின்றன. அவற்றில் மேயும் வகைகள் பாசியைக் கட்டையாக வைக்கின்றன.

அப்படியானால் சூடு?

படகில் அந்தத் தம்பி கேட்டதற்கு வருவோம். கடல் நீரின் வெப்பம், ஆண்டின் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியைவிட ஒரு பாகை கூடி, அப்படியே சில வாரங்கள் நீடித்தால், பவளத்தினுள் இருக்கும் பாசியின் ஒளிச்சேர்க்கை பழுதாகும். சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்த பாசி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் சேர்மங்களைக் கசியவிடும். பவளம் வேறு வழியில்லாமல் அதை வெளியே தள்ளிவிடும். நிறம் தந்தவர் போனதும் தோல் வழியே வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இதற்கு வெளுத்தல் என்று பெயர்.

வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது. அது பட்டினி கிடக்கும் பவளம். சில வாரங்களில் நீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வரலாம். சூடு நீண்டால்தான் சாகும்.

சிங்கப்பூரில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தல் நடந்தது. 2024 ஜூலையில் உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 44 விழுக்காட்டுப் பவளத் தொகுதிகள் வெளுத்திருந்தன. பெரும்பாலானவை பின்னர் மீண்டன.

காப்பகம் இதைத் தடுத்ததா? தடுக்காது. பெருந்தடுப்புத் திட்டில் 2016-இல் நடந்த பெரும் வெளுத்தலின்போது மீன்பிடி தடைசெய்யப்பட்ட பாறைகளும் மற்றவையும் ஒரே அளவில் வெளுத்தன. அந்தத் தம்பி சொன்னது இந்த மட்டில் சரி. வெப்பத்துக்குக் காரணமான கரியமில வாயுவைக் குறைக்காமல் வெப்பத்துக்கு வேறு மருந்து கிடையாது.

ஆனால் காய்ச்சல் வருவது ஒன்று, காய்ச்சலிலிருந்து எழுவது இன்னொன்று. ஏற்கெனவே நன்றாகச் சாப்பிட்டு, நல்ல காற்றில் இருப்பவர் சீக்கிரம் எழுவார். சூடு போன பிறகு பாறையில் மேயும் மீன் இருக்கிறதா, புது இளவுயிரி வந்து ஒட்ட இடம் இருக்கிறதா, அனுப்பிவைக்கத் தாய்ப் பவளம் பக்கத்தில் எங்காவது உயிரோடு இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அது மீள்வதும் ஜமேக்கா ஆவதும். காப்பகம் உதவுவது இந்தக் கட்டத்தில்.

நம் கடலின் கதை கொஞ்சம் வேறு

புத்தகத்தில் காப்பகம் என்றால் பெரும்பாலும் மீன்பிடியைப் பற்றித்தான் பேச்சு. சிங்கப்பூரில் மீன்பிடி முதல் எதிரி இல்லை. இங்கே முதல் எதிரி சேறு.

1960களிலிருந்து நடந்த நில மீட்பில் நம் பவளப்பாறைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு மண்ணுக்கு அடியில் போனது. நாம் வசிக்கும், வேலை செய்யும் இடங்கள் சில அப்படி வந்தவைதான். அந்த நிலம் இல்லாமல் இந்த நாடு இல்லை என்பதும் உண்மை. ஆனால் கணக்கைச் சரியாக வைத்துக்கொள்வது நல்லது. எஞ்சிய பாறைகளுக்கும் விலை இருந்தது. மண் கொட்டுவதாலும், கடல்தரையைத் தோண்டுவதாலும், கப்பல்கள் கிளப்பிவிடுவதாலும் மிதக்கும் நுண்மண்ணை வண்டல் என்கிறோம். 1960களில் இங்கே நீருக்குள் 10 மீட்டர் தூரம் தெரியுமாம். இப்போது பெரும்பாலும் 2 மீட்டர்தான் தெரிகிறது.

சமையல்காரருக்கு வெளிச்சம் வேண்டும் என்றோமே, அதை இப்போது நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் இறங்காததால் நம் பவளங்கள் பெரும்பாலும் மேலேயுள்ள சில மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிட்டன. அதற்குக் கீழே தரை இருக்கிறது, பாறை இருக்கிறது, வெயில்தான் இல்லை. மேலும், வண்டல் பவளத்தின் மேல் படியும். அதைத் தள்ளிவிடப் பாலிப் சளியைச் சுரக்கும். அதற்கும் ஆற்றல் செலவாகும். புது இளவுயிரி தேடும் வெறும் பாறையையும் வண்டல் மூடிவிடும்.

ஆகவே இங்கே காப்பகம் முதலில் செய்வது, "இந்த இடத்தில் மண் கொட்ட மாட்டோம், தோண்ட மாட்டோம்" என்று நாடு தனக்குத் தானே ஒரு கோடு போட்டுக்கொள்வது. இடத்துக்கு இவ்வளவு போட்டி உள்ள ஊரில் அந்தக் கோடு சாதாரணமானதில்லை. சிஸ்டர்ஸ் தீவுகள் கடல் பூங்கா 2014-இல் அறிவிக்கப்பட்டது. இதுதான் நம் முதல் கடல் பூங்கா. இரண்டு சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றியும், செயிண்ட் ஜான்ஸ் தீவு, தெக்குக்கோர் தீவு ஆகியவற்றின் மேற்குப் பாறைகளை ஒட்டியும் சுமார் 40 ஹெக்டர்.

ஏன் அந்த இடம்? ஒரு காரணம் நீரோட்டம். கணினியில் நீரோட்டத்தை மாதிரியாக ஓட்டிப் பார்த்தபோது, சிஸ்டர்ஸ் தீவுகளிலிருந்து கிளம்பும் பவள இளவுயிரிகள் மற்ற தெற்குத் தீவுகளைச் சென்றடைய நல்ல வாய்ப்பு இருப்பது தெரிந்தது. நாற்றங்காலை எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டிருக்கிறார்கள். அரிதான உயிர்களுக்கும் அது அடைக்கலம். நெப்டியூனின் கிண்ணம் என்று ஒரு கடற்பஞ்சு உண்டு, ஒரு குழந்தை உட்காரும் அளவுக்குப் பெரிதாக வளரும். சிங்கப்பூர்க் கடலிலிருந்துதான் அது அறிவியலுக்கு முதலில் அறிமுகமானது. இங்கே அழிந்துவிட்டதென்று நூறாண்டு நினைத்திருந்தார்கள். 2011-இல் செயிண்ட் ஜான்ஸ் தீவருகே உயிரோடு கண்டெடுத்தார்கள்.

நடவும் நடக்கிறது. துவாஸ் துறைமுகப் பணிக்கு முன்பு, 2013, 2014 ஆண்டுகளில் சுல்தான் ஷோல் பகுதியிலிருந்து ஏறத்தாழ 2,300 பவளத் தொகுதிகளைப் பெயர்த்து இந்தத் தீவுகளின் பக்கம் நட்டார்கள். 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் 100,000 பவளங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது பத்தாண்டு வேலை. நட்டதைப் பிடுங்காமல் விட ஒதுக்கிய இடம் இருந்தால்தான் நடவுக்குப் பொருள் உண்டு. அதனால் நடவையும் காப்பகத்தையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

மேயும் மீனையும் மறந்துவிட வேண்டாம். சீனப் புத்தாண்டுச் சமயத்தில் சந்தையில் சினை நிறைந்த ஓரா மீனுக்குக் கிராக்கி ஏறும். சினையோடு சாப்பிடுவது மங்கலம் என்பது தியோச்சியூ சீனர்களின் வழக்கம். அதே ஓராதான் நம் பாறையில் பாசி மேய்வது. அந்த வழக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஓரா நிம்மதியாகச் சினை பிடித்து முட்டையிட ஓரிரு இடங்களாவது இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

வரைபடத்தில் மட்டும் இருக்கும் காப்பகம்

எல்லாக் காப்பகமும் வேலை செய்வதில்லை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகின் 87 கடல் காப்பகங்களை ஒப்பிட்டது. ஐந்து தன்மைகளைப் பார்த்தார்கள்: எதையும் எடுக்கக்கூடாது என்ற விதி, அதை நடைமுறைப்படுத்தும் காவல், பத்தாண்டுக்கு மேற்பட்ட வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, ஆழ்கடலோ மணல்வெளியோ சூழ்ந்த தனிமை. இவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்த காப்பகங்கள் 59 விழுக்காடு. அவை மீன்பிடி நடக்கும் பக்கத்துக் கடலிலிருந்து வேறுபட்டதாகவே தெரியவில்லை. நான்கைந்து சேர்ந்த இடங்களில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது.

நம்முடையதை இதில் வைத்துப் பார்த்தால்? எடுக்கக்கூடாது என்ற விதி உண்டு. காவல் சாத்தியம், நாடு சிறியது, தீவு கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வயது பத்தைத் தாண்டிவிட்டது. பரப்பில்தான் பின்தங்குகிறோம். 40 ஹெக்டர் என்பது அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 100 சதுர கிலோமீட்டர் என்பது சிங்கப்பூரின் மொத்த நிலப்பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய காப்பகத்துக்கு ஒதுக்க நம் கடலில் இடமில்லை. தனிமையும் கிடையாது. 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய், செந்தோசாவோடு நிற்காமல் தெற்குத் தீவுகளின் கரை வரை வந்தது. எண்ணெய்க்கும் எல்லைக்கோடு தெரியாது.

பெரிதாக ஒன்று வைக்க இடமில்லாதபோது, சின்னச் சின்னதாகச் சிலவற்றை நீரோட்டத்தால் ஒன்றோடொன்று இணையும்படி வைப்பதே வழி. ஒன்றில் அடி விழுந்தால் இன்னொன்றிலிருந்து இளவுயிரி வரும். லாசரஸ் தீவின் தெற்குப் பக்கத்தையும் கூசுத் தீவின் பாறையையும் சேர்த்து இரண்டாவது கடல் பூங்கா அமைக்கும் திட்டம் 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது நான் மகிழ்ந்தது அதனால்தான்.

அந்த இணைப்பு வேலை செய்வதை ஆண்டில் ஒருமுறை பார்க்க முடியும். ஏப்ரல் மாதத்தை ஒட்டி வரும் முழுநிலவு, நமக்குப் பங்குனி உத்திரமோ சித்ரா பௌர்ணமியோ. கோயிலில் கூட்டம் கலைந்து மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை, இரவு இருட்டிய பிறகு, நம் தெற்குத் தீவுகளின் பவளங்களில் பல இனங்கள் ஒரே நேரத்தில் முட்டையையும் விந்தணுவையும் சேர்த்துக் கட்டிய சின்ன இளஞ்சிவப்பு மணிகளை விடும். இங்கே இப்படி நடப்பது அறிவியலுக்குத் தெரியவந்ததே 2002-இல்தான். மணிகள் மேலே மிதந்து உடையும், கருவாகும், இளவுயிரியாகும். பிறகு சில நாள் நீரோட்டத்தோடு போகும். சில சிஸ்டர்ஸ் தீவிலேயே இறங்கும். சில கூசுவுக்கோ ஹந்து தீவுக்கோ போய்ச் சேர்ந்து, வண்டலும் பாசியும் மூடாத, நகத்தளவு வெறும் பாறை ஒன்றைத் தேடும்.